ஆர்சி விமானம் மக்கர் பண்ணும்போது: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் முறை

ஃபோம் உடம்பு, ஒரு மீட்டரை ஒட்டிய இறக்கை, 2212 பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 9 கிராம் சர்வோக்கள் (இறக்கையிலும் வாலிலும் உள்ள பரப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்கள்), 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டி விமானம், கற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இந்த செட்தான். இதில் வரும் கோளாறுகளும் திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான்.

மைதானத்தில் யாருடைய விமானம் விழுந்தாலும் முதலில் காதில் விழுவது “சிக்னல் போச்சு” என்பதுதான். விழுந்ததைக் கழற்றிப் பார்த்தால் உண்மையில் சிக்னல் போனது மிகக் குறைவு. ஆடிப்போன ஒரு ஸ்க்ரூ, தீர்ந்த பேட்டரி, கனத்த வால் என்றுதான் முடியும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், புதிதாக வாங்கவேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியான பிறகும் எது காரணம் என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

கையில் இருக்கவேண்டியவை: மல்டிமீட்டர், லிப்போ செல் செக்கர், சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், முடிந்தால் சர்வோ டெஸ்டர்.

மேசையில் வைத்துச் செய்யும் எல்லாச் சோதனைக்கும் முன் ப்ராப்பை (ப்ரொப்பெல்லரை) கழற்றிவிடுங்கள். த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) அடியில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் விரலை வெட்டிக்கொண்டவர்கள் இல்லாத மைதானமே கிடையாது. ப்ராப் போட்டே பார்க்கவேண்டிய இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

## பேட்டரி செருகியும் ஒன்றுமே நடக்கவில்லை

ரிமோட்டை ஆன் செய்து, த்ராட்டில் குச்சியை அடிவரை இறக்கிவிட்டு, அப்புறம் பேட்டரியைச் செருகுங்கள். விமானத்துக்குள் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரில் உள்ள சின்ன விளக்கைப் பாருங்கள். வழி அங்கேதான் பிரிகிறது.

### விளக்கே எரியவில்லை

1. செல் செக்கரைப் போடுங்கள். முழுதாக ஏறிய 3எஸ் 12.6 வோல்ட் காட்டும்.
2. எக்ஸ்டி60 கனெக்டரை உற்றுப் பாருங்கள். ஆண் பக்கத்து முள்ளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். நாளாவட்டத்தில் அது நெருங்கிப்போய் பிடிப்பு விட்டுவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிளேடால் அந்தப் பிளவைத் துளி அகலப்படுத்தினால் போதும்.
3. ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பி பிளக் தலைகீழாக இருக்கிறதா? கறுப்பு அல்லது பழுப்புக் கம்பி, ரிசீவரில் மைனஸ் குறி போட்ட வரிசையில் உட்கார வேண்டும்.
4. எல்லா சர்வோவையும் பிடுங்கிவிட்டு ஈஎஸ்சியை மட்டும் விடுங்கள். இப்போது விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு சர்வோ உள்ளே ஷார்ட் ஆகி மொத்தத்தையும் அமுக்குகிறது. ஒவ்வொன்றாகச் செருகினால் ஆள் சிக்கிவிடும்.
5. அப்போதும் எரியவில்லை என்றால், அந்த பிளக்கின் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 5 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். வந்தால் ரிசீவர் போயிருக்கிறது. வரவில்லை என்றால் பேட்டரிப் பக்கத்துச் சால்டரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதுவும் உறுதியாக இருந்தால் ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் பகுதி) போய்விட்டது, ஈஎஸ்சியை மாற்றுங்கள். தனி பிஇசி போட்டு ஒப்பேற்றலாம் என்பார்கள். பாதி செத்த ஈஎஸ்சியை நம்பி விமானத்தை மேலே அனுப்ப எனக்கு மனம் வராது.

### விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது

ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று தேடுகின்றன. பைண்டிங், அதாவது இரண்டையும் ஜோடி சேர்த்த இணைப்பு, போய்விட்டது. பைண்ட் பிளக்கைப் போட்டு, ரிமோட்டின் பைண்ட் பட்டனை அழுத்தியபடி ஆன் செய்து மறுபடி பைண்ட் செய்யுங்கள். பைண்ட் ஆனதும் பிளக்கை எடுக்க மறக்காதீர்கள். ஒரே பிராண்டாக இருந்தாலும் ரிமோட்டும் ரிசீவரும் வேறு வேறு புரோட்டோகால் என்றால் ஆயிரம் தடவை முயன்றாலும் சேராது. பழைய ரிசீவரை இரவல் வாங்கிப் போடும்போது இதை முதலில் பாருங்கள்.

### விளக்கு நிலையாக எரிகிறது, சர்வோ அசைகிறது, மோட்டார் மட்டும் பேசவில்லை

காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஈஎஸ்சிக்குள் ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. அந்த ‘பீப்’ ஒலியே மோட்டார் சுருள் வழியாகத்தான் வருகிறது. அதனால் பீப் வருகிறதா இல்லையா என்பதே பாதி விடை.

பீப் சுத்தமாக இல்லை: மோட்டாரின் மூன்று கம்பிகளும் ஈஎஸ்சியில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தும் பேசவில்லை என்றால் வேறு மோட்டாரை மாட்டிப் பாருங்கள். அதிலும் சத்தம் இல்லையா, ஈஎஸ்சி போயிருக்கிறது.

பீப் விடாமல் வேகமாக அடிக்கிறது: த்ராட்டில் அடியில் இல்லை என்று ஈஎஸ்சி நினைக்கிறது. த்ராட்டில் ட்ரிம்மை (குச்சியின் நிலையைத் துளித்துளியாக மாற்றும் பட்டன்) கீழே இறக்குங்கள். போகவில்லை என்றால் ரிமோட் மெனுவில் த்ராட்டில் சேனல் ரிவர்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு விநாடிக்கு ஒரு பீப்: பரவலாகக் கிடைக்கும் பல ஈஎஸ்சிகளில், த்ராட்டில் சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்று பொருள். பிளக் வேறு சேனலில் இருக்கும். பெரும்பாலான ரிமோட்டில் த்ராட்டில் 3ஆம் சேனல், ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை.

இரண்டிரண்டு பீப்பாக, விநாடிக்கு ஒருமுறை: பேட்டரி வோல்ட்டேஜ் ஏற்கக்கூடியதாக இல்லை. காலியான பேட்டரியாக இருக்கும், அல்லது ஈஎஸ்சிக்கு ஒவ்வாத செல் எண்ணிக்கையாக இருக்கும்.

ஒலிக்குறி பிராண்டுக்கு பிராண்ட் கொஞ்சம் மாறும். ஈஎஸ்சியோடு வந்த துண்டுக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் ரிமோட் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பீப் எல்லாம் சரியாக வந்தும் குச்சி பாதி ஏறிய பிறகே மோட்டார் சுற்றத் தொடங்கினால் த்ராட்டில் கேலிப்ரேஷன் செய்யவேண்டும். குச்சியை முழுக்க ஏற்றி வைத்துப் பேட்டரியைச் செருகுங்கள். இரண்டு பீப் வந்ததும் அடிவரை இறக்குங்கள். செல் எண்ணிக்கைக்கு ஏற்ப சின்ன பீப்களும் முடிவில் ஒரு நீள பீப்பும் வரும். இந்த வேலையை ப்ராப்போடு செய்யவே கூடாது.

## மோட்டார் சுற்றாமல் உதறுகிறது, திக்குகிறது

முன்னும் பின்னும் துடிக்கும், கரகரவென்று சத்தம் வரும், முழுச் சுற்று போகாது. உடனே த்ராட்டிலை இறக்குங்கள். “ஒருவேளை எடுத்துக்கொள்ளும்” என்று குச்சியை ஏற்றிக்கொண்டே போனால் ஈஎஸ்சி புகைந்துவிடும்.

மூன்று கம்பியில் ஒன்று சேரவில்லை என்பதுதான் முக்கால்வாசி நேரம் காரணம். புல்லட் கனெக்டர் மேல் இருக்கும் ஹீட் ஷ்ரிங்க்கை வெட்டி எடுத்துவிட்டுச் சால்டரைப் பாருங்கள். நல்ல சால்டர் பளபளவென்று கம்பியைத் தழுவி இறங்கியிருக்கும். கெட்ட சால்டர் மங்கலாக, மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாக ஒரு உருண்டையாக நிற்கும். கம்பியைப் பிடித்து லேசாகத் திருகினால் உள்ளேயே சுற்றும். அதுதான் குற்றவாளி. மறுபடி சால்டர் வைத்தால் தீர்ந்தது. சால்டரிங் கைவராதவர்கள் பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் கொடுத்தால் நிமிஷத்தில் முடித்துத் தருவார்கள். கனமான கம்பிக்கு 60 வாட் இரும்பாவது வேண்டும். 25 வாட் இரும்பில் வைத்தால் திரும்பவும் அதே மங்கல் உருண்டைதான் கிடைக்கும்.

சால்டர் சரியாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஈஎஸ்சியிலிருந்து பிரியுங்கள். அதன் மூன்று கம்பியில் இரண்டின் முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்து, தண்டை விரலால் சுழற்றுங்கள். பல் பல்லாக ஒரு தடை தெரியும். அடுத்த ஜோடி, மூன்றாவது ஜோடி என்று மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு தடை இருந்தால் சுருள் நலம். ஏதாவது ஒரு ஜோடியில், கம்பி தொடாதபோது சுற்றுவதுபோலவே லகுவாகச் சுற்றினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

அறுந்தது மோட்டாருக்கு வெளியே வரும் கம்பி ஓரத்திலா என்று மட்டும் பாருங்கள், அப்படியானால் ஒட்டவைக்கலாம். உள்ளே என்றால் இந்த அளவு மோட்டாரை ரீவைண்டிங் செய்யும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

மோட்டார் நன்றாக இருந்தும் உதறுகிறதா? வேறு ஈஎஸ்சி மாட்டிப் பாருங்கள். நின்றால் பழைய ஈஎஸ்சிக்கு விடை கொடுங்கள்.

## சத்தம் பெரிதாக இருக்கிறது, இழுவை இல்லை

ப்ராப் பின்முன்னாக மாட்டியிருக்கிறது. அளவு அச்சடித்த முகம் விமானம் போகும் திசையைப் பார்க்கவேண்டும். மூக்கில் மோட்டார் உள்ள விமானத்திலும் சரி, பின்னால் மோட்டார் வைத்த புஷரிலும் சரி, இதுதான் விதி. பின்முன்னாக மாட்டினாலும் கொஞ்சம் காற்று தள்ளும், அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம்.

மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறது. மூன்று கம்பியில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் திசை மாறிவிடும்.

ப்ராப் அடாப்டர் நழுவுகிறது. த்ராட்டில் ஏற்றும்போது மோட்டார் மட்டும் சுற்றி, ப்ராப் பின்தங்கும். நட்டை இறுக்குங்கள். மோட்டார் தண்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிட்டு இறுக்குங்கள்.

கேவிக்கு (ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிஷத்தில் சுற்றும் சுற்றுகள்) பொருந்தாத ப்ராப். 3எஸ்ஸில் 1000 கேவி 2212க்கு 10x4.5 (அங்குலத்தில் விட்டமும் பிட்சும்), 1400 கேவிக்கு 8x4, 2200 கேவிக்கு 6x4. 2200 கேவி மோட்டாரில் 10 அங்குல ப்ராப்பை மாட்டினால் இழுவை கூடும் என்று நினைத்துச் செய்கிறார்கள். மோட்டார் கையைச் சுடும், ஈஎஸ்சி எரியும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த மோட்டார்களை வாங்கும்போதே பில்லில் கேவியை எழுதி வாங்குவது நல்லது.

சரி, இழுவை போதுமா என்று எப்படித் தெரியும்? இங்கே ப்ராப் போட்டே ஆகவேண்டும். விமானத்தின் வாலில் கயிறு கட்டி, தொங்கு தராசில் மாட்டி, தராசை ஒரு கம்பத்தில் கட்டுங்கள். ப்ராப்புக்குப் பக்கவாட்டிலோ முன்னாலோ யாரும் நிற்கக்கூடாது. முழு த்ராட்டிலில் தராசு காட்டுவது விமானத்தின் எடையில் பாதியையாவது தாண்டவேண்டும். பழகும் விமானத்துக்கு முக்கால் பங்கு இருந்தால் நிம்மதி. 800 கிராம் விமானம் 600 கிராம் இழுத்தால் கையிலிருந்து விட்டதும் தடுமாறாமல் ஏறும்.

## சர்வோ நடுங்குகிறது, கிர்ரென்று கத்துகிறது

ஒரு சர்வோ மட்டுமா, எல்லாமேயா என்று முதலில் பாருங்கள்.

ஒன்று மட்டும்: புஷ்ராடை (சர்வோவைப் பரப்போடு இணைக்கும் கம்பி) கழற்றிவிடுங்கள். நடுக்கம் நின்றால் சர்வோவில் பழுது இல்லை. கம்பி எங்கோ மாட்டுகிறது, அல்லது கீல் இறுகிவிட்டது. கீலை விரலால் அசைத்தால் சருகுபோல் லேசாகப் போய்வர வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்த பிளக்கை வேறு சேனலில் செருகுங்கள். அங்கேயும் நடுங்கினால் சர்வோவின் உள்ளே தேய்ந்துவிட்டது. 9 கிராம் பிளாஸ்டிக் பல் சர்வோவைப் பழுது பார்த்து உட்காராதீர்கள், மாற்றிவிடுங்கள். கையால் திருப்பும்போது ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு போனாலும் அதே முடிவுதான், பல் உடைந்திருக்கிறது.

எல்லாமே நடுங்குகின்றன: கரண்ட் போதவில்லை. ரிசீவரின் காலியான ஒரு சேனலில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு குச்சிகளையும் நாலா பக்கமும் வேகமாக ஆட்டுங்கள். 5 வோல்ட் துளி இறங்கலாம். நாலரைக்குக் கீழே போய்ப் போய் வந்தால், மேலே காற்றில் சர்வோக்கள் சேர்ந்து உழைக்கும்போது ரிசீவரே அணைந்து எரியும். எந்த சர்வோ முட்டிக்கொண்டு நின்று கரண்டை உறிஞ்சுகிறது என்று தேடிச் சரிசெய்யுங்கள். இல்லையா, 3 ஆம்பியர் பிஇசி உள்ள ஈஎஸ்சிக்கு மாறுங்கள்.

## கையை விட்டதும் இடப்பக்கம் கவிழ்கிறது

புதிதாகக் கட்டிய விமானங்கள் மைதானத்தில் அதிகம் உடைவது இந்த இரண்டு விநாடியில்தான்.

எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை) திசை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழவேண்டும். எலிவேட்டர் குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசையும் பட்டை) மேலே வரவேண்டும். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள். மனதுக்குள் பார்த்தால் கண் பார்த்ததாக நினைத்துக்கொள்ளும்.

அடுத்து, இறக்கை முறுக்கு. விமானத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் இரண்டு இறக்கையின் பின்விளிம்பையும் பாருங்கள். ஒன்று துளி மேலாகவோ கீழாகவோ போனால் முறுக்கு இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய காருக்குள் வைத்துவிட்டுப் போன விமானத்தில் இது நிச்சயம் வரும். ஹாட் க்ளூவும் அந்தச் சூட்டில் இளகி, கன்ட்ரோல் ஹார்ன் (பரப்பில் புஷ்ராட் மாட்டும் சின்னக் கொம்பு) கையோடு வந்துவிடும். ஃபோமை வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி, எதிர்ப்பக்கம் லேசாக முறுக்கிப் பிடித்து ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹார்ன், மோட்டார் மவுண்ட் போன்ற இடங்களுக்கு எபாக்ஸிதான் பாதுகாப்பு. தெர்மாகோலில் சூப்பர் க்ளூ வேண்டாம், அது ஃபோமைக் கரைத்துவிடும்.

அப்புறம் பக்கவாட்டுச் சமநிலை. மூக்கையும் வாலையும் ஒவ்வொரு விரலில் தாங்கிப் பிடியுங்கள். எப்போதும் ஒரே இறக்கை தொங்கினால் மறுமுனையில் சின்ன நாணயம் ஒட்டுங்கள்.

மூன்றும் சரி, ஆனாலும் த்ராட்டில் ஏற்றும்போது மட்டும் இடம் போகிறது என்றால் மோட்டாருக்கு வலப்பக்கச் சாய்வு வேண்டும். மவுண்டின் இடது பக்க ஸ்க்ரூக்களுக்குப் பின்னால், அதாவது ஃபயர்வாலுக்கும் (மவுண்டைப் பொருத்தும் பலகை) மவுண்டுக்கும் நடுவே, ஒரு வாஷர் வையுங்கள். இடது என்பது விமானத்துக்குள் உட்கார்ந்து முன்னே பார்ப்பவரின் இடது. இரண்டு மூன்று டிகிரி போதும்.

எறிவதிலும் பிழை இருக்கலாம். காற்றுக்கு எதிராக, மட்டமாக, ஈட்டி எறிவதுபோல் நேராக விடவேண்டும். மூக்கைத் தூக்கி எறிந்தால் எந்த விமானமும் கவிழும். இரண்டு தடவை விழுந்துவிட்டது என்றால் மூன்றாவதை நீங்கள் விடாதீர்கள். பழக்கமுள்ள ஒருவரிடம் ரிமோட்டைக் கொடுத்து ட்ரிம் செய்து வாங்குங்கள். டிரெய்னர் கேபிள் போட்டு இரண்டு ரிமோட்டில் பழக்கும் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த உதிரிபாகத்தைவிடவும் அந்த அரைமணி நேரம் மதிப்புள்ளது.

## மூக்கு நேராக நிற்கவில்லை

எழுந்து எழுந்து விழுகிறது, எலிவேட்டரைத் தொட்டாலே துள்ளுகிறது: வால் கனம். இதில் விட்டுப்பிடிக்கும் பேச்சே வேண்டாம், உடனே இறக்குங்கள். பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்தில் சிஜி (எடை மையம்) இருக்கவேண்டும். 20 சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர். இறக்கைக்கு அடியில் அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு, ஒவ்வொரு தடவை பேட்டரி மாற்றும்போதும் இரண்டு விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள். மூக்கு துளி தாழ்ந்து நின்றால் நல்லது. முதல் பறப்புக்கு 25ஐத் தாண்டாதீர்கள்.

த்ராட்டில் கொடுத்தால் மட்டும் மூக்கு தூக்குகிறது: மவுண்டின் மேல் ஸ்க்ரூக்களுக்குப் பின்னால் வாஷர். மோட்டார் கீழ்நோக்கிச் சாயும். எலிவேட்டர் ட்ரிம்மை வைத்து இதைச் சரிசெய்யப் பார்த்தால், த்ராட்டிலைக் குறைத்ததும் விமானம் தரையைப் பார்த்துப் போகும்.

த்ராட்டில் இல்லாமலேயே மூக்கு தாழ்கிறது: முன்கனம் அல்லது ட்ரிம். இது ஆபத்து இல்லாத குறை. இறங்கிய பிறகு நிதானமாகப் பேட்டரியைப் பின்னே தள்ளலாம்.

## நடுவானில் மோட்டார் நிற்கிறது

சர்வோக்கள் வேலை செய்கின்றன, மோட்டார் மட்டும் நின்றுவிட்டது. முதலில் விமானத்தை இறக்குங்கள்: மூக்கைத் துளி தாழ்த்தி வேகத்தை வைத்துக்கொண்டு, திரும்ப முயலாமல், எதிரே உள்ள வெட்டவெளியில். ஓடுபாதைக்கே திரும்பக் கொண்டுவர நினைப்பதுதான் விமானத்தை உடைக்கிறது.

இறக்கியதும் செல் செக்கர். செல்லுக்கு மூன்றரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பேட்டரி தீர்ந்துபோய் ஈஎஸ்சி மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. ரிமோட்டில் டைமர் வையுங்கள். 2200 எம்ஏஎச்சில் 80 சதவீதம் மட்டும் எடுப்பதாக வைத்தால் 1760. சராசரியாக 12 ஆம்பியர் இழுக்கும் விமானத்துக்கு அது எட்டே முக்கால் நிமிஷம்தான். டைமரை ஆறில் வையுங்கள், மீதி இறங்குவதற்கு.

பேட்டரியில் நிறைய மீதி இருந்தும் நின்றதா? மூன்று செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு 3.8, ஒன்று 3.4 என்றால் அந்த ஒரு செல் சோர்ந்துவிட்டது. த்ராட்டில் ஏற்றும்போது அது மட்டும் சரிகிறது. பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. செல்கள் மூன்றும் சமமாக இருந்தால் ஈஎஸ்சியைத் தொடுங்கள். தொடமுடியாத சூடு என்றால் அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றிருக்கிறது. ஃபோமுக்குள் அதை மூடிப் புதைத்திருப்பீர்கள். காற்று புகும் வழி ஒன்றும் வெளியேறும் வழி ஒன்றும் வெட்டிவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ப்ராப்பை ஓர் அங்குலம் குறையுங்கள். புது ஈஎஸ்சி அதற்கும் பிறகுதான்.

## “சிக்னல் போச்சு”

விழுந்த இடத்துக்கு ஓடிப்போய் பேட்டரியைப் பிடுங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. த்ராட்டில் கட் (மோட்டாரை நிறுத்தி வைக்கும் சுவிட்ச்) போட்டு, ப்ராப் பக்கம் கை போகாமல், குச்சிகளை ஆட்டிப் பாருங்கள். புகையோ சூட்டு வாசனையோ இருந்தால் மட்டும் இதை விட்டுவிட்டு விலகி நில்லுங்கள்.

எல்லா சர்வோவும் ஒழுங்காக அசைகின்றன. இப்போது விழுந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். மெதுவாகப் போனதா, திரும்பும்போதா, நீங்கள் எலிவேட்டரை இழுத்துக்கொண்டிருந்தீர்களா, சட்டென்று ஒரு இறக்கை மட்டும் கீழே விழுந்ததா? அப்படியானால் அது ஸ்டால், வேகம் போதாமல் இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது. சிக்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இறக்கை விழும்போது எலிவேட்டரை விட்டுக்கொடுத்து, த்ராட்டிலை ஏற்றி, வேகம் வந்த பிறகு நிமிர்த்தவேண்டும். பயத்தில் விரல் இன்னும் இழுக்கத்தான் பார்க்கும். உயரத்தில் வைத்து இதை வேண்டுமென்றே செய்து பழகுங்கள்.

உங்களை நோக்கி வரும்போது குச்சியைத் தள்ளிய பக்கத்துக்கு எதிராகப் போனதா? அதுவும் சிக்னல் இல்லை, வலம் இடம் குழம்பியது. எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் நிமிரும். காலைச் சூரியனுக்கு எதிரே விமானம் வெறும் கறுப்பு நிழல்தான். இறக்கையின் அடியில் மேலே இருப்பதற்கு வேறான நிறத்தில் அகலப் பட்டை அடியுங்கள்.

ஒரு சர்வோ மட்டும் அசையவில்லை, அல்லது சர்வோ அசைந்தும் பரப்பு அசையவில்லை. சர்வோ கையின் நடுவில் இருக்கும் கடுகளவு ஸ்க்ரூவைத் தேடுங்கள். அது கழன்று விழுந்திருக்கும், கை பல்லிலிருந்து எழும்பியிருக்கும். கட்டும்போது “ட்ரிம் பார்த்த பிறகு போடலாம்” என்று தள்ளிவைத்து மறந்துபோகும் ஸ்க்ரூ இது. இல்லையென்றால் கிளெவிஸ் (புஷ்ராட் முனையில் உள்ள கவ்வி) திறந்திருக்கும். அதன்மேல் சிலிக்கான் குழாயில் ஒரு வளையம் வெட்டி மாட்டினால் திறக்காது.

விளக்கு அணைந்திருக்கிறது. பேட்டரி கழன்றிருக்கிறது. விழும்போது கழன்றதா, கழன்றதால் விழுந்ததா என்பதைக் கனெக்டரின் பிடிப்பு சொல்லும். பேட்டரிக்கு வெல்க்ரோ ஒட்டினால் மட்டும் போதாது, குறுக்கே பட்டையும் வேண்டும்.

விளக்கு சிமிட்டுகிறது. இப்போதுதான் சிக்னலைச் சந்தேகிக்கலாம். ரிசீவர் ஆன்டெனா நுனியில் உறை உரித்த கடைசி 31 மில்லிமீட்டர்தான் சிக்னலை வாங்குகிறது. அது நசுங்கியோ அறுந்தோ இருக்கிறதா? இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பேட்டரியையும் கார்பன் குழாயையும் விட்டு விலகி இருக்கவேண்டும். ரிமோட்டில் ரேஞ்ச் டெஸ்ட் வசதி இருந்தால் அதைப் போட்டு முப்பது அடி எடுத்துவைத்து நடங்கள். விமானத்தைப் பிடித்திருப்பவர், உடம்பால் மறைக்காமல் அதை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் தயங்கினால் ஆன்டெனா இடத்தை மாற்றுங்கள். எல்லாப் பக்கமும் தயங்கினால் வேறு ரிசீவரைப் பைண்ட் செய்து பாருங்கள். அதிலும் தயங்கினால் ரிமோட்டின் ரேடியோ பகுதியில் பழுது. அதைத் திறக்காதீர்கள், சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

இதோடு, சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃபையும் சரிபார்த்துவிடுங்கள். ப்ராப் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் நிற்கவேண்டும். நிற்காத விமானம் ஆட்கள் இருக்கும் பக்கம் முழு வேகத்தில் போகக்கூடியது. பல ரிமோட்டுகளில் நாமாக அமைத்தால்தான் இது வேலை செய்யும்.

## பேட்டரி உப்பியிருக்கிறது

இதற்குச் சரிசெய்யும் வழி கிடையாது. ஊசியால் குத்தி காற்று எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றவும் கூடாது. வீட்டுக்கு வெளியே, மணல் நிரப்பிய வாளியின்மேல் வைத்து, 12 வோல்ட் கார் பல்பை மாட்டிக் கடைசிவரை வடியவிடுங்கள். அப்புறம் மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். தீப்பிடித்துவிட்டால் அந்தப் புகையைச் சுவாசிக்காமல் விலகி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

நல்ல பேட்டரி உப்பாமல் இருக்க, வாரக்கணக்கில் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். ஆடிக் காற்று மாதத்தில் முழுதாக ஏற்றி அலமாரியில் வைத்த பேட்டரிதான் புரட்டாசியில் தலையணையாக இருக்கும். சார்ஜ் ஏற்றிவிட்டுத் தூங்கப்போகாதீர்கள்.

## மரத்திலோ கம்பியிலோ மாட்டிக்கொண்டது

த்ராட்டிலை இறக்கிவிட்டு, ரிமோட்டை ஆனிலேயே வைத்திருங்கள். பேட்டரி மேலே இன்னும் உயிரோடு இருக்கிறது.

வேப்பமரம், புளியமரம் என்றால் நீளக் கழியால் கிளையை ஆட்டலாம். பனையோ தென்னையோ என்றால் மரமேறத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஏறுபவரிடம் ப்ராப்பைத் தொடவேண்டாம், பேட்டரி பிளக்கை முதலில் உருவுங்கள் என்று எந்த நிறப் பிளக் என்பதையும் சேர்த்துக் கீழேயே சொல்லி அனுப்புங்கள். கல்லெறிந்தால் மரம் கொடுக்காத சேதத்தைக் கல் கொடுத்துவிடும்.

மின்கம்பி என்றால் கழி, கயிறு, ஏணி எதையும் எடுக்காதீர்கள். காய்ந்த மூங்கில்தானே என்று நினைக்காதீர்கள். காலைப் பனியில் அது காய்ந்திருக்காது. பிள்ளைகள் யாரும் கிட்டே போகாதபடி ஒருவரை நிறுத்திவிட்டு, மின்வாரிய அலுவலகத்தில் கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்தி எடுத்துத் தரும்வரை விமானம் அங்கேயே இருக்கட்டும். எடுத்துக் கொடுத்த விமானத்தின் ஈஎஸ்சியையும் ரிசீவரையும் இனிமேல் பறக்கும் விமானத்தில் போடாதீர்கள். அவற்றின் உள்ளே என்ன ஆனது என்பதை வெளியிலிருந்து எந்தச் சோதனையும் காட்டாது.